பாதிரி வேலியில் மூடுபனி

1987 நவம்பர் 3, செவ்வாய்

மழை விட்டது. சைக்கிளின் பின்சக்கரம் மறுபடியும் ஒரு பக்கமாக இழுக்கிறது. தபால் குறைவு. பாதிக்கு மேல் இங்கிலாந்திலிருந்து, வேலை தேடிப் போன பிள்ளைகள் எழுதியவை.

மதியம் குதிரைப் பந்தயத் திடலுக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். ஜாக்கிகள் உடை மாற்றும் அறையில் கட்டில்கள் போட்டிருந்தார்கள். பக்கத்து அறையில், ஜாக்கிகளை நிறுக்கும் தராசில், நர்ஸ் கைக்குழந்தைகளை நிறுத்துக்கொண்டிருந்தாள். பந்தயம் நடப்பது வருடத்தில் இரண்டே நாள். மற்ற நாளெல்லாம் அந்தத் திடல்தான் எங்கள் நாக்வெர்ராவுக்கு ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், பள்ளி மைதானம். என் மனைவி அசும்ப்டா கார் ஓட்டப் பழகியது அங்கேதான். என்னையும் பிறந்த வாரத்தில் அந்தத் தராசில்தான் போட்டார்களாம். இவ்வளவு பெரிய முள் எனக்காக அசைந்ததா என்று இன்றும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மால்கி டோலன் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்தான். பப் அவனுடையது, திடலை ஒட்டி மேயும் ஆட்டு மந்தையும் அவனுடையது, பந்தயக் கமிட்டிக்குச் செயலாளரும் அவனே.

"யோவ் தபால்காரா, பதினாலாந்தேதி பாதிரி வேலிக்கு நீதானே?"

"பத்தொம்பது வருஷமா நான்தானே நிக்கிறேன்."

"கேட்டு வைக்கணும்ல. நடுவுல செத்துகித்துப் போயிட்டீன்னா?"

நவம்பர் 8, ஞாயிறு

பூசை முடிந்து வரும் வழியில் திடலைச் சுற்றி ஒரு நடை. குதிரைகள் தாண்டவேண்டிய வேலிகளுக்குப் புதுக் குச்சிகள் செருகிவிட்டார்கள். பந்தயத்தன்று நான் கொடியோடு காவல் நிற்கும் பாதிரி வேலி கடைசி மூலையில், கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம். பார்வையாளர் மேடையிலிருந்து பார்த்தால் கைக்குட்டை அளவுதான் தெரியும். பாதிரியார்கள் பந்தயத் திடலுக்குள் கால் வைக்கக் கூடாது என்று ஆயர்கள் சட்டம் போட்டிருந்த காலத்தில், அந்தச் சுவருக்கு வெளியே பெட்டி போட்டு ஏறி நின்று பார்ப்பார்களாம். சட்டம் போய் எத்தனையோ வருடமாகிறது. ஃபாதர் லோர்க்கன் மட்டும் இன்னும் வெளியேதான் நிற்கிறார். கேட்டால், "உள்ள வந்தா அந்த ருசி போயிடும், ஃபெலிம்" என்கிறார்.

சனிக்கிழமை 'கடைசிக் கேன்' ஓடுகிறாள். போன வருடம் பால் சொசைட்டியை மூடியபோது, அங்கே வேலை பார்த்த முப்பத்தொரு பேர் சேர்ந்து வாங்கிய சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. அசும்ப்டா அந்த முப்பத்தொன்றில் ஒருத்தி. குதிரையில் உன் பங்கு எது என்று கேட்டால் 'வால்' என்கிறாள். பதினொரு முறை ஓடியாகிவிட்டது. வால் எப்போதும் கடைசியில்தான் வந்து சேர்ந்திருக்கிறது.

நவம்பர் 13, வெள்ளி

ஆற்றிலிருந்து பனி ஏறுகிறது. எனக்குப் பனி பிடிக்கும். ஊர் இருக்கிறது என்று நாமே நினைத்துக்கொண்டால்தான் உண்டு.

நவம்பர் 14, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

காலையில் நல்ல மூடுபனி. நடத்துவதா வேண்டாமா என்று நடுவர்கள் பன்னிரண்டு மணி வரை இழுத்தார்கள். கொஞ்சம் விலகியதும் நடத்திவிடலாம் என்றார்கள். என் மூலையில் விலகவே இல்லை. வேலியும் நானும் சுவரும் மட்டும் இருந்தோம். குதிரைகள் வருவது முதலில் காலில்தான் தெரியும். தரை லேசாக அதிரும், பிறகு சத்தம், பிறகு வெள்ளைக்குள்ளிருந்து தலைகள். தாண்டி, மறுபடி வெள்ளைக்குள் போய்விடும். கனவில் யாரோ நம்மைத் தாண்டிப் போவதுபோல.

இரண்டாவது பந்தயத்தில் ஒரு செந்நிறக் குதிரை விழுந்தது. ஜாக்கி வேலிக்கு அந்தப் பக்கம், புல்லில் அசையாமல் கிடந்தான். வெள்ளைக் கால்சட்டை. இருபது வயதுகூட இருக்காது. என் கோட்டைக் கழற்றிப் போர்த்தி, தலையை ஆட்டவிடாமல் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன்? வானிலை என்று நினைக்கிறேன். கண்ணைத் திறந்து, "குதிரைக்கு ஒண்ணும் இல்லையே?" என்றான். டெக்லன் ப்ராஃபி, வேறு மாவட்டத்துப் பையன். ஆம்புலன்சில் கோட்டோடு கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை, ஐந்தாவது பந்தயத்தில் ஏறலாம் என்றாராம்.

ஐந்தாவதில்தான் நம் கடைசிக் கேன். ஏழு குதிரை, இரண்டு சுற்று. முதல் சுற்றில் ஏழும் என் வேலியைத் தாண்டின. மறு சுற்றுக்குத் தரை அதிர ஆரம்பித்ததும் வேலிக்கு அந்தப் பக்கம் பார்க்கிறேன் — அதே இடத்தில், பையன் விழுந்து கிடந்த அதே இடத்தில், வெள்ளையாக ஒருவர் சுருண்டு கிடக்கிறார்.

யார் எப்போது விழுந்தார்கள் என்று யோசிக்கவா நேரம்? விசிலை ஊதிக் கட்டம் போட்ட கொடியைத் தூக்கிவிட்டேன். ஆள் கிடக்கிறான், வேலியைத் தாண்டாதே, சுற்றிப் போ என்று அதற்கு அர்த்தம். பனியிலிருந்து ஒற்றைச் சாம்பல் தலை வந்தது. கடைசிக் கேன், முன்னால், தனியாக! ஜாக்கி கொடியைப் பார்த்து அவளை ஒடித்து, வேலியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டான்.

உடனே அந்த வெள்ளை எழுந்து நின்றது. மென்றது. மால்கியின் செம்மறி.

அது சுவரோரமாக ஓடிவிட்டது. கொடியை இறக்கினேன். இறக்கத்தானே வேண்டும்? அடுத்த மூச்சில், மீதி ஆறில் வழியில் விழாமல் எஞ்சிய மூன்று குதிரைகள், டெக்லன் ப்ராஃபி முதலாவதாக. மூன்றும் வேலியைத் தாண்டின. முன்னால் போனவள் தாண்டவில்லை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பனி எல்லோரையும் விழுங்கிவிட்டது.

பிறகு மேடைப் பக்கமிருந்து ஒரு கத்தல். அப்படி ஒரு கத்தலை இந்த ஊரில் நான் கேட்டதில்லை.

கடைசிக் கேன் ஒரு கழுத்து வித்தியாசத்தில் முதலாவது. ப்ராஃபியின் குதிரை இரண்டாவது.

ஒரு வேலியைத் தாண்டாத குதிரை ஜெயித்ததாகக் கணக்கில்லை. சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விதி. உடனே போய் நடுவரிடம் சொல்லத்தான் நடந்தேன். சத்தியமாக. பனியில் தடவித் தடவி மேடைக்கு வந்து சேர்ந்தபோது அசும்ப்டா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். சொசைட்டியை மூடிய அன்றுகூட அழாதவள், தேம்பித் தேம்பி அழுதாள். "வாலு முந்திருச்சு, ஃபெலிம்! வாலு முந்திருச்சு!"

சொல்ல வந்ததை மென்று முழுங்கினேன்.

நவம்பர் 15, ஞாயிறு

ஊருக்குத் தலைகால் புரியவில்லை. ஃபாதர் லோர்க்கன் பிரசங்கத்தை நாலு நிமிடத்தில் முடித்தார். குதிரையைத் தேவாலய வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். ஆளுக்கொரு கேரட்.

நம் ஜாக்கி இன்று மாலை கப்பலில் இங்கிலாந்து போகிறான். பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது என்னிடம், "அந்த வேலியில எல்லாரையும் சுத்தி விட்டது நல்லதாப் போச்சுண்ணே, அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிருந்துச்சு" என்றான்.

எல்லாரையும். நான் தலையாட்டினேன்.

நவம்பர் 19, வியாழன்

ஜெயித்த கோப்பை மால்கி பப்பின் ஜன்னலில் இருக்கிறது. தபால் கொடுக்கும் வழி அதைத் தாண்டித்தான்.

நவம்பர் 24, செவ்வாய்

இன்று வந்த மூட்டையில் ஒரு பார்சல். மேலே இப்படி எழுதியிருந்தது: 'நாக்வெர்ரா பந்தயத்தில், தூரத்து வேலியில் நிற்கும் மனிதருக்கு.' பெயர் இல்லை. ஊரில் எல்லோருக்கும் வீடு தேடிப் போய்க் கொடுப்பவன், இதை எனக்கு நானே கொடுத்துக்கொண்டேன்.

என் கோட்டு. துவைத்து, இஸ்திரி போட்டு. மூன்று வருடமாக இல்லாத நடுப் பொத்தானுக்கு ஒன்று வாங்கித் தைத்திருந்தது. கூடவே டில்லி ப்ராஃபி என்கிற அம்மாளின் கடிதம். டெக்லன் அவள் மகன். வீட்டுக் கொல்லையில் ஒரே ஒரு குதிரையை வைத்துப் பழக்குகிறாள். செந்நிறக் குதிரை வேறு யாருடையதோ; இரண்டாவதாக வந்ததுதான் அவளுடையது. மகன் தரையில் கிடந்தபோது, 'நாளைக்கு வெயில் வரும், உருளைக்கிழங்கு தோண்டலாம்' என்று யாரோ சொல்லிக்கொண்டே இருந்தது மட்டும் அவனுக்கு நினைவிருக்கிறதாம். 'எங்கள் குதிரை ஒரு கழுத்தில் தோற்றது. இதுவரை அது அவ்வளவு நன்றாக ஓடியதில்லை. உங்கள் ஊர்க்குதிரைக்கு என் வாழ்த்து' என்று முடித்திருக்கிறாள்.

கோட்டை ஆணியில் மாட்டினேன். வெளியே நல்ல குளிர். போட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

நவம்பர் 26, வியாழன்

கனவு. திடலில் பனி. ஏழு குதிரைகளும் என் வேலிக்கு வந்து, தாண்டாமல் நின்று, நான் என்ன சொல்வேன் என்று பார்க்கின்றன. அவ்வளவுதான் கனவு. விழித்த பிறகும் அவை மூச்சுவிடுவது கேட்டது.

நவம்பர் 28, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். ஆட்டிலிருந்து கோட்டு வரை எல்லாவற்றையும் சொன்னேன். கம்பிக்கு அந்தப் பக்கம் ஃபாதர் லோர்க்கன் முன்னால் சாய்ந்தது தெரிந்தது.

"ஃபெலிம்," என்றார் மெதுவாக. "அந்த ஆடு சும்மா எழுந்திரிச்சுதுன்னா நெனச்சே?"

"பின்ன?"

"நான்தான் ஆப்பிள எடுத்து வீசினேன். பாதி தின்ன ஆப்பிள். முதுகுல பட்டுச்சு."

நான் கம்பிக்கு இன்னும் நெருங்கினேன்.

"நானும் எல்லாத்தையும் பாத்தேன்ப்பா. அவ சுத்திப் போனதையும் பாத்தேன், மத்ததெல்லாம் தாண்டினதையும் பாத்தேன். நீ சொல்லிடுவேன்னு நான் இருந்தேன். நீ சொல்லல. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு. இப்ப நான் போய் யார்கிட்ட முழங்கால் போடுறது, சொல்லு?"

ஒரு பாதிரியாருக்கு என்ன ஆறுதல் சொல்வது? இதெல்லாம் மனிதருக்கு சகஜம் ஃபாதர் என்றேன். அந்தக் கூண்டுக்குள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வெளியே வரிசையில் நின்ற கிழவிகளுக்குக் கேட்டிருக்கும்.

கிளம்பும்போது சொன்னார்: "பாவம் நமக்குள்ள பாதிப் பாதி. ஆனா கொடி உன் கையில இருந்துச்சு. நீ நடுவருங்களுக்கு எழுதினா என் பேரையும் சேத்துப் போடு. எழுதலைன்னா, இந்தக் கூண்டுல கேட்டதப் பத்தி நான் வெளிய வாயத் தொறக்க முடியாது, அது உனக்கே தெரியும்."

நவம்பர் 30, திங்கள்

அசும்ப்டாவிடம் சொன்னேன். முப்பத்தொன்றில் ஒரு பங்கு அவளுடையது. அவளுக்குத் தெரியாமல் எப்படி எழுதுவது? உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். கடைசி வரை கேட்டாள். கத்தி நின்றுவிட்டது.

"மால்கியோட ஆடா?"

"ஆமா."

"வேலிய அடைச்சு வைடான்னு எத்தன தடவ சொல்லியிருக்கோம்." கத்தியைக் கீழே வைத்துவிட்டு: "அவ தாண்டியிருப்பா, ஃபெலிம். கொடி காட்டலைன்னா தாண்டியிருப்பா. தாண்டியும் ஜெயிச்சிருப்பா."

"தெரியல, அசும்ப்டா."

"எனக்குத் தெரியும்." கண்ணைத் துடைத்தாள். "பதினாறு நாளா தெருவுல தல நிமிந்து நடக்கிறோம். வேலை போன பொறவு அந்த நடை மறந்தே போயிருந்துச்சு. எழுதாதேன்னு சொல்ல மாட்டேன். எழுதுன்னும் என் வாயால சொல்ல முடியாது, போ."

சாப்பாட்டில் உப்பு இல்லை. கேட்கவும் இல்லை.

டிசம்பர் 1, செவ்வாய்

எழுதிவிட்டேன். ஒரு பக்கம்தான். ஃபாதர் தேவாலயத்துப் பின்கதவில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். மாலையில் முச்சந்திப் பச்சைப் பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

டிசம்பர் 2, புதன்

அந்தப் பெட்டியைத் திறப்பது யார்? நான்தான். நேற்றே இது என் மண்டையில் உறைக்காமல் இல்லை. அதனால்தான் அவ்வளவு தைரியமாகப் போட்டேனோ என்னவோ.

ஏழு மணிக்குச் சாவியைப் போட்டுத் திறந்தேன். என் கடிதம் மேலாக இருந்தது. பின்னால் மால்கி பப்பின் ஜன்னல், அதில் கோப்பை. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்தால் முடிந்தது. கை போயும் விட்டது. எடுத்தேன்.

அதன் கீழே இன்னொரு உறை. அசும்ப்டாவின் கையெழுத்து: 'திருமதி டில்லி ப்ராஃபி.'

எப்போது எழுதினாள், எப்போது வந்து போட்டாள்? எனக்குத் தெரியாது. பிரிக்க எனக்கு உரிமையும் இல்லை. இரண்டையும் மூட்டையில் போட்டுக் கட்டினேன். காலை வண்டியில் போய்விட்டது.

டிசம்பர் 18, வெள்ளி

விசாரணை முடிந்தது. என்னையும் ஃபாதரையும் கூப்பிட்டுக் கேட்டார்கள், இங்கிலாந்திலிருந்த ஜாக்கியிடமும் போனில் கேட்டார்கள். கடைசிக் கேன் தகுதி நீக்கம். முதல் இடம் ப்ராஃபியின் குதிரைக்கு. பேப்பரில் நாலு வரி. அதில் ஆடும் வந்திருக்கிறது.

டிசம்பர் 19, சனி

மால்கி கோப்பையைப் பழுப்புத் தாளில் சுற்றிக் கயிறு போட்டு, ப்ராஃபி வீட்டு விலாசத்தோடு என் கையிலேயே கொடுத்தான். ரசீது கேட்டான். வாங்கியதும் முதுகைத் திருப்பிக்கொண்டான். முப்பது வருடப் பழக்கம்.

டிசம்பர் 23, புதன்

கிறிஸ்துமஸ் வான்கோழிகளைத் திடலில், ஜாக்கித் தராசில் நிறுத்தார்கள். எப்போதும் அன்று பெரிய கூத்தாக இருக்கும். யார் கோழி கனம் என்று பந்தயம், பாட்டு. நானும் அசும்ப்டாவும் உள்ளே போனதும் வரிசை விலகி எங்களுக்கு வழிவிட்டது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முகம் கொடுத்துப் பேச ஆளில்லை. பாதிரியாரிடம் மட்டும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. எப்படி முடியும்? ஞானஸ்நானத்திலிருந்து அடக்கம் வரை அவர் கையில் அல்லவா இருக்கிறது.

வழியில் அசும்ப்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கோழிய நிறுக்கவே மறந்துட்டோம்" என்றாள்.

1988 ஜனவரி 17, ஞாயிறு

ஈஸ்டர் திங்கள் பந்தயத்துக்கு ஆள் போடும் பட்டியலைத் தேவாலயக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். பாதிரி வேலிக்கு நேரே வெறும் கோடு.

பிப்ரவரி 9, செவ்வாய்

பனி. தபால் முடிந்ததும் கால் தானாகவே திடலுக்குப் போனது. என் வேலிக்குப் பக்கத்தில், புது வெள்ளைக்குள், வெகுநேரம் நின்றேன். யாரும் இல்லாத திடலிலும் தரை லேசாக அதிர்வதுபோல் இருந்தது. என் நெஞ்சுதான் என்று புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. பத்தொன்பது வருடம் இங்கே நின்றதற்கு ஊர் எனக்குக் கொடுத்தது ஒரு தேநீரும் ஒரு பன்றி இறைச்சி ரொட்டியும்தான். ஆனாலும் அது பறிபோனது இப்படி வலிக்கிறதே, ஏன்? இந்தக் கொடியைப் பிடிக்கிற இரண்டு நாளில்தான் நான் இந்த ஊர்க்காரன் என்று முழுசாகத் தோன்றும். அதனால்தான்.

மார்ச் 20, ஞாயிறு

ஃபாதர் லோர்க்கன்: "ஈஸ்டருக்கு எங்கூட சுவருக்கு வெளிய வந்து நில்லு. இன்னொரு பெட்டி இருக்கு."

சரி என்றேன்.

ஏப்ரல் 2, சனி

காலையில் முச்சந்திக்குப் போனால் பச்சைப் பெட்டியில் சாய்த்து ஒரு நீளப் பார்சல். பழுப்புத் தாள், அதே கயிறு, அதே முடிச்சு. மேலே மால்கியின் கோழிக் கிறுக்கல்: 'தூரத்து வேலியில் நிற்கும் மனிதருக்கு.' தபால்தலை ஒட்டவில்லை. முறைப்படி நான் இதை எடுத்துக்கொண்டு வரவே கூடாது.

பிரித்தேன். கட்டம் போட்ட கொடி. துவைத்திருந்தது.

அவனைப் பார்க்கப் பப்புக்குப் போனேன். கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டே, நிமிராமல், "குதிரையப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது" என்றான்.

"பேசல."

"மலைப் பக்கம் பாத்தியா?"

வெளியே வந்து பார்த்தேன். பச்சைச் சரிவு முழுக்க மால்கியின் ஆடுகள், குட்டிகள் உட்பட, ஒன்று விடாமல், தலை முதல் வால் வரை சிவப்பு. கிடாய்க்குக் குறி போடும் சாயத்தை வாளி வாளியாகக் கரைத்து ஊற்றியிருக்கிறான். காலை வெயிலில், யாரோ கனவு கண்டு அங்கே கொட்டிவிட்டுப் போனதுபோல் மேய்ந்துகொண்டிருந்தன. சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. உள்ளிருந்து மால்கி கத்தினான்: "இப்பவும் ஜாக்கின்னு நெனச்சீன்னா, கண் டாக்டர்ட்ட போயா!"

ஏப்ரல் 4, ஈஸ்டர் திங்கள்

தெளிவான வானம். கோட்டைப் போட்டுக்கொண்டு, கொடியோடு என் வேலிக்குப் போனேன். நடுப் பொத்தானையும் மாட்டினேன். ஃபாதர் சுவருக்கு வெளியே இரண்டு பெட்டி போட்டு, ஒன்றில் தான் ஏறிக்கொண்டு, மற்றதில் ஆப்பிள் கூடையை வைத்திருந்தார். டில்லி ப்ராஃபி வந்திருந்தாளாம். மேடையில் அவளும் அசும்ப்டாவும் ஒரே கம்பளிக்குள் உட்கார்ந்திருந்ததாக மால்கி சொன்னான். அந்தக் கடிதத்தில் என்ன எழுதினாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

கடைசிக் கேன் மூன்றாவது. எல்லா வேலியையும் தாண்டினாள். என் வேலியை இரண்டு தடவை.